மூன்று கிலோமீட்டர் மண்பாதைக்காக வாங்கிய வண்டி

காவேரிப்பட்டணத்துக்கு அருகே தேசிய நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால் எங்கள் மாந்தோப்பு வரும். என் மாமனார் காலத்தில் வைத்த மரங்கள். பெரும்பகுதி பெங்களூரா, வேலியோரத்தில் கொஞ்சம் செந்தூராவும் மல்கோவாவும். அந்த மூன்று கிலோமீட்டரும் மண்பாதைதான். நடுவில் ஓர் ஓடை குறுக்கிடுகிறது. 2020 ஜூன் மாதத்தில் ஒரு மாலை, அப்போது எங்களிடம் இருந்த சிறிய காரில் காய்களை ஏற்றிக்கொண்டு ஓடையைக் கடக்கும்போது, அடிப்பாகம் கல்லில் மோதி எஞ்சின் ஆயில் சட்டி உடைந்தது. இருட்டிய பிறகு பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வந்துதான் வண்டியை இழுத்தது. அடுத்து வாங்குவது கரடுமுரடான பாதைக்கென்றே செய்யப்பட்ட எஸ்யூவியாகத்தான் இருக்க வேண்டும் என்று அன்றிரவே நானும் என் கணவரும் முடிவு செய்தோம்.

2021 தை மாதம் அப்படி ஒன்றை வாங்கினோம். 2024 ஐப்பசியில் அதைக் கைமாற்றிவிட்டு, குடும்பத்துக்கான கிராஸ்ஓவர் ஒன்றுக்கு மாறினோம். இந்த இரண்டு முடிவுகளுக்கும் இடையே கற்றுக்கொண்டதை, இதே குழப்பத்தில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். எங்கள் இரண்டு வண்டிகளின் பெயர்களையும் சொல்லவில்லை, ஏனென்றால் நான் சொல்ல வந்தது வண்டியின் வகையைப் பற்றியது.

எங்கள் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு தருமபுரியில் இருக்கிறது. நான் கிருஷ்ணகிரியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியை. காரிமங்கலம், காவேரிப்பட்டணம் வழியாகப் போகவும் வரவுமாகத் தினமும் சுமார் 90 கிலோமீட்டர் நானே ஓட்டுகிறேன். கணவருக்கு ஓசூரில் வேலை. வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் இருப்பதால் சிகிச்சைக்காக மாதம் ஒரு முறையாவது சேலம் போய்வர வேண்டும். மகளும் மகனும் பள்ளியில் படிக்கிறார்கள். என் அண்ணன் அஞ்செட்டிக்கு மேலே ஒரு மலைக் கிராமத்தில் கேழ்வரகும் பயறும் விளைவிக்கிறார். ஆக எங்கள் வண்டி போக வேண்டிய பாதைகள் நான்கு: தினசரி நெடுஞ்சாலை, சேலத்துக்கு இறங்கும் தொப்பூர் கணவாய், தோப்புக்குப் போகும் மண்பாதை, அண்ணன் வீட்டுக்குப் போகும் மலைப்பாதை. 2021-இல் வாங்கியபோது இந்த நான்கில் மூன்றாவதை மட்டுமே நினைத்துக்கொண்டு வாங்கினோம்.

திருச்செங்கோட்டிலோ நாமக்கல்லிலோ லாரிக்குப் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த இரு வகை வண்டிகளின் வேறுபாடு எளிதில் புரியும். கரடுமுரடான எஸ்யூவியில் ஏணி போன்ற இரும்புச் சேசிஸ் தனியாக இருக்கிறது. எஞ்சின், கியர் பெட்டி, அச்சுகள் எல்லாம் அதில் பூட்டப்பட்டிருக்கும். ஆட்கள் அமரும் பாடியை அதன்மேல் வைத்து முடுக்கியிருப்பார்கள். மகிந்திராவின் பொலிரோ, தார், ஸ்கார்பியோ-என், மாருதியின் ஜிம்னி, ஃபோர்ஸின் கூர்க்கா ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. கிராஸ்ஓவரில் தனிச் சேசிஸ் கிடையாது. சாதாரணக் காரைப் போலவே பாடி முழுவதும் ஒரே கூடாக இருந்து பாரத்தைத் தாங்குகிறது, உயரமும் சக்கரங்களும் மட்டும் சற்றுப் பெரியவை. ஹூண்டாய் கிரெட்டா, கியா செல்டோஸ், ஹோண்டா எலிவேட், மாருதி கிராண்ட் விட்டாரா போன்றவை இந்த வகை. விளம்பரங்களில் இரண்டுக்கும் எஸ்யூவி என்ற ஒரே பெயர்தான். வரி விதிப்பதற்காக 2023-இல் ஜிஎஸ்டி மன்றம் தந்த விளக்கத்திலும் சேசிஸைப் பற்றிப் பேச்சில்லை; நீளம் 4 மீட்டரையும் எஞ்சின் 1500 சிசியையும் தாண்டி, சுமையில்லாத நிலையில் தரை இடைவெளி 170 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் கூடுதல் வரி என்பதே கணக்காக இருந்தது. எனவே பெயரைக் கேட்டு எதையும் தீர்மானிக்க முடியாது. வண்டியின் அடியில் குனிந்து பார்க்க வேண்டும்.

பழைய வண்டியின் பெருமையை மறைத்துவிட்டுப் பேசுவது நியாயமாகாது. 2022 ஜூலையில், கூழ் ஆலைக்கு அனுப்ப வேண்டிய பெங்களூராக் காய்கள் பறித்து வைத்த இரவில் நல்ல மழை பெய்தது. காலையில் பாதை முழுவதும் செம்மண் குழம்பாகக் கிடந்தது. ஓடையில் கணுக்காலுக்கு மேல் நீர் ஓடியது. நிலைமை மோசமாவதற்குள் கடைசிப் பன்னிரண்டு கிரேட்டுகளையாவது நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று ஏற்றினோம். ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்குக் குறையாது. ஓடையைத் தாண்டியதும் வரும் ஏற்றத்தின் அடியில் வண்டியை முழுவதுமாக நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்து, சிறிய நெம்புகோலை ‘ஃபோர் லோ’ நிலைக்குத் தள்ளினேன். அந்த நிலையில் நான்கு சக்கரங்களும் இயங்க, கூடுதல் பல்சக்கரங்கள் இடையே வந்து சுழற்சியைக் குறைத்து, சக்கரங்களுக்குப் போய்ச் சேரும் முறுக்குவிசையை இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருக்குகின்றன. முதல் கியரில், ஆக்சிலேட்டரை ஏறக்குறைய தொடாமலே, ஆள் நடக்கும் வேகத்தில் வண்டி மேலேறியது. தோட்டக் காவலர் பக்கத்திலேயே நடந்து வந்து, “அப்படியே விடுங்கம்மா, அதுவே ஏறிடும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேகம் எடுத்துப் பாய்ந்து ஏற வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்த எனக்கு, வழுக்கும் பாதையில் மெதுவாகப் போவதற்கான வலிமைதான் உண்மையான வலிமை என்பது அன்று விளங்கியது. எந்தக் கிராஸ்ஓவராலும் அன்று அந்த ஏற்றத்தை ஏறியிருக்க முடியாது என்பதில் இன்றும் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அந்த நெம்புகோலைப் பற்றி ஷோரூமில் சரியாகச் சொல்லித் தரவில்லை. மழை பெய்தால், நான்கு சக்கரங்களும் வழக்கமான வேகத்தில் இயங்கும் ‘ஃபோர் ஹை’யில் போட்டுக்கொள்ளுங்கள் என்பதோடு விளக்கம் முடிந்துவிட்டது. ஒரு நாள் தோப்பிலிருந்து திரும்பியபோது, நெம்புகோலை மீண்டும் இரு சக்கர இயக்கத்துக்கு மாற்ற மறந்து, பெட்ரோல் பங்கின் காய்ந்த சிமெண்ட் தரையில் வண்டியைத் திருப்பினேன். ஸ்டியரிங் இறுகியது, டயர்கள் தேய்ந்து கத்தின, யாரோ அடியிலிருந்து பிடித்து இழுப்பது போல் வண்டி தயங்கியது. காவேரிப்பட்டணத்தில் எங்களுக்கு வழக்கமாக வேலை பார்க்கும் மெக்கானிக் அதற்கான காரணத்தைச் சொன்னார். “டீச்சர், திரும்பும்போது முன்சக்கரம் அதிக தூரம் ஓடும், பின்சக்கரம் குறைவாக ஓடும். இந்த மாதிரி வண்டியில் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறோம். மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும், காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க முடியாது, கியரில்தான் போய் இறுகும்” என்றார். நான்கு சக்கர இயக்கத்தை மாதம் ஒரு முறையாவது மண் தரையில் சிறிது தூரம் ஓட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பாகங்கள் இறுகிவிடும் என்பதும் அவர் சொன்னதுதான். இந்த வகை வண்டியை வாங்குபவர்கள் சாவியை வாங்கும் முன்பே இந்த இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்றாட வாழ்க்கையில் அந்த வண்டி எங்களைச் சோர்வடையச் செய்தது. புடவை கட்டிக்கொண்டு தினமும் அவ்வளவு உயரம் ஏறி இறங்குவது எனக்கே சிரமம் என்றால், அத்தையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஃபுட்போர்டு பொருத்தியும் முதல் படி அவருடைய முழங்காலுக்கு மேல்தான் இருந்தது. பின்பக்கத்தில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூலை நிரந்தரமாக வைத்துக்கொண்டோம். சேலத்து மருத்துவமனை வாசலில் அதை எடுத்துப் போட்டு, நான் ஒரு கையையும் மகள் ஒரு கையையும் பிடித்து இறக்குவோம். அத்தை எதுவும் குறை சொல்ல மாட்டார், ஆனால் கோயிலுக்கோ உறவினர் வீட்டுக்கோ அழைத்தால், “நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்” என்று சொல்லத் தொடங்கினார். அவர் வெளியே வருவதைத் தவிர்ப்பதற்கு வண்டிதான் காரணம் என்பதை நான் உணர ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. அதை இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

தொப்பூர் கணவாயை இந்தப் பக்கத்தில் எல்லோரும் அறிவார்கள். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில், பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னே போகும் வண்டிகள்மீது மோதிய விபத்துகள் பல நடந்திருக்கின்றன. 2023 தொடக்கத்தில் ஒரு நாள், அத்தையை அழைத்துக்கொண்டு இறங்கியபோது, முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. நானும் பிரேக்கை முழுவதுமாக அழுத்தினேன். உயரமான, கனமான அந்த வண்டி முன்புறமாகக் குனிந்து, சற்று ஆடி, நல்லவேளையாக நின்றுவிட்டது. ஆனால் பின்பகுதியில் பக்கவாட்டாக அமையும் இருக்கையில் உட்கார்ந்திருந்த என் மகன் சறுக்கி வந்து முன்னிருக்கையின் இரும்பில் நெற்றியை இடித்துக்கொண்டான். அந்த இருக்கைக்குப் பெல்ட் இல்லை. காயம் சிறியதுதான், வீக்கம் இரண்டு நாளில் வற்றிவிட்டது. ஆனாலும் அந்தச் சத்தம் என் காதில் நெடுநாள் இருந்தது. ஏழு பேர் போகலாம் என்று பெருமையாகச் சொல்லப்படும் வண்டியில், அந்த ஏழு பேரும் எந்தத் திசையைப் பார்த்து, எதைக் கட்டிக்கொண்டு உட்காருகிறார்கள் என்று பார்க்காமல் வாங்கியது என் பிழை. பக்கவாட்டு இருக்கையில் குழந்தைகளை உட்கார வைக்கவே கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இதிலிருந்து, சேசிஸ் வண்டிகள் எல்லாமே பாதுகாப்புக் குறைந்தவை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஸ்கார்பியோ-என் 2022-இல் குளோபல் என்கேப் என்ற மோதல் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 5 நட்சத்திரம் பெற்றது. தார் ராக்ஸ் 2024-இல் நம் நாட்டின் பாரத் என்கேப் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்றது. அதே 2022-இல் கிராஸ்ஓவர் வகையைச் சேர்ந்த ஸ்கோடா குஷாக்கும் ஃபோக்ஸ்வாகன் டைகுனும் 5 நட்சத்திரம் பெற்றன. வகையைப் பார்த்துப் பாதுகாப்பை ஊகிக்காமல், அந்தந்த மாடலின் சோதனை முடிவையும், குழந்தை இருக்கை பொருத்தும் கொக்கிகள் இருக்கின்றனவா என்பதையும், ஒவ்வோர் இருக்கைக்கும் மூன்று முனைப் பெல்ட் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். முன்பக்கத்தில் கூடுதலாக மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்பையும் வேண்டாம் என்றே சொல்வேன். ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதை அது கெடுக்கக்கூடும், பாதசாரிகளுக்கும் ஆபத்து என்பதால் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017-இலேயே அவற்றுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு 2023 ஜூன் முதல் ஓராண்டுக்கு, வண்டி எங்கே போனது, எத்தனை கிலோமீட்டர், யார் யார் உட்கார்ந்தார்கள், எப்போது நான்கு சக்கர இயக்கம் தேவைப்பட்டது என்று ஒரு பழைய நோட்டில் மகள் எழுதி வந்தாள். ஆண்டு முடிவில் மொத்தம் இருபத்தைந்தாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. மண்ணில் ஓடியது 280 கிலோமீட்டர்தான், அதாவது நூறில் ஒன்றுக்குச் சற்று அதிகம். ‘ஃபோர் லோ’ தேவைப்பட்ட நாட்கள் பதினொன்று.

இந்தக் கணக்கை மட்டும் வைத்து நான் வண்டியை மாற்றவில்லை. கிலோமீட்டர் கணக்கு ஓரளவுக்கு ஏமாற்றவும் செய்யும். அந்த 280 கிலோமீட்டரில்தான் எங்கள் தோப்பின் வருமானம் பயணம் செய்கிறது. அதனால் நோட்டில் இன்னொரு பத்தியைச் சேர்த்தோம்: அன்று வண்டி போக முடியாமல் இருந்திருந்தால் வேறு என்ன வழி இருந்தது? தோப்புக்கு வழி இருந்தது. மழை நாட்களில் பக்கத்துத் தோட்டத்து டிராக்டரை வாடகைக்குக் கூப்பிடலாம். காய்ந்த நாட்களில் ‘குட்டி யானை’ என்ற சிறு சரக்கு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். தோப்பைப் பார்த்துவர நாங்கள் மட்டும் போவதென்றால், ஓடைக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கலாம். அத்தையின் முழங்காலுக்கு மாற்று வழி இல்லை. என் தினசரி 90 கிலோமீட்டருக்கும், தொப்பூரில் பின்னிருக்கையில் உட்கார்ந்து வரும் குழந்தைகளுக்கும் மாற்று வழி இல்லை. எதற்கு வழி இல்லையோ அதற்குத்தான் வண்டி வேண்டும் என்று கணவர் சொன்னார். அதன்பிறகு எங்களுக்குள் விவாதம் எழவில்லை.

வாங்கப் போனபோது இந்த முறை ஒரு அளவு நாடாவையும், இரண்டு காலிக் கிரேட்டுகளையும், அத்தையையும் அழைத்துக்கொண்டு போனோம். விற்பனையாளர் ஒருவர், “மேடம், இதுவும் எஸ்யூவிதான், எங்கே வேண்டுமானாலும் போகும்” என்றார். போகாது என்பதை மூன்றரை ஆண்டு அனுபவத்தில் நான் அறிந்திருந்ததால், எங்கே வரை போகும் என்பதைத்தான் அளந்து பார்த்தேன். தரை இடைவெளி என்ற எண் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது அப்போது புரிந்தது. மகிந்திரா தாரின் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர், எலிவேட்டுக்கு 220, கிரெட்டாவுக்கு 190. முதல் இரண்டுக்கும் வெறும் 6 மில்லிமீட்டர்தான் வேறுபாடு, ஆனால் ஓடைக்கரையில் இரண்டும் ஒன்றல்ல. கிராஸ்ஓவரின் முன் பம்பர் சக்கரத்துக்கு வெகு முன்னே தாழ்வாக நீண்டிருப்பதால், செங்குத்தான கரையில் சக்கரம் தொடும் முன்பே பம்பர் தரையை இடிக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது மறுபக்கச் சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொள்ளும். சேசிஸ் வண்டியின் அச்சு வளைந்துகொடுத்து இரண்டு சக்கரங்களையும் மண்ணிலேயே வைத்திருக்கும். நிறுவனங்கள் தரும் எண் பெரும்பாலும் சுமையில்லாத வண்டிக்கானது என்பதையும் மறக்கக் கூடாது. ஷோரூமில் நாங்கள் நான்கு பேர் ஏறி உட்கார்ந்தபோது வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று கணவர் வெளியே நின்று குனிந்து அளந்தார். கிட்டத்தட்ட மூன்று விரல் அகலம் இறங்கியிருந்தது.

ஜிம்னியைப் பற்றிப் பள்ளியில் உடன் பணிபுரியும் ஒருவர் மிகவும் எடுத்துச் சொன்னார். தனிச் சேசிஸ், ‘லோ’ கியர், எடை குறைந்த உடம்பு எல்லாம் இருந்தும், அது நான்கு பேருக்கான வண்டி. நாங்கள் ஐந்து பேர். பின்னிருக்கையை மடிக்காதபோது பொருள் வைக்கும் இடம் 208 லிட்டர்தான். கிராண்ட் விட்டாராவில் நான்கு சக்கர இயக்கத்தோடு ஒரு வகை கிடைக்கிறது. வழுக்கும் இடத்தில் அது உதவும், ஆனால் ‘லோ’ கியர் அதில் கிடையாது. இன்னொன்றையும் கவனித்தேன்: கரடுமுரடான வண்டிகளிலேயே பின்சக்கரங்களை மட்டும் ஓட்டும் வகைகளைத் தோற்றத்துக்காகப் பலர் வாங்குகிறார்கள். பின்னால் பாரம் இல்லாதபோது ஈரமான ஏற்றத்தில் அவற்றின் சக்கரங்கள் சுழன்றுகொண்டே இருக்கும். எஞ்சினின் எடை முன்சக்கரங்கள்மீது அமர்ந்திருக்கும் கிராஸ்ஓவர் அதே ஏற்றத்தில் ஓரளவு பிடித்து ஏறுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான்கு சக்கர இயக்கம் வேண்டாம் என்றால், அந்த முரட்டு உடம்புக்கு மட்டும் விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 5 முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான கார்களுக்கு வாழ்நாள் சாலை வரி 13 விழுக்காடு, 10 முதல் 20 லட்சம் வரை 18 விழுக்காடு, அதற்கு மேல் 20 விழுக்காடு. பத்து லட்சத்தைச் சில ஆயிரம் தாண்டினாலே வரி மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல் கூடிவிடும் என்பதால், தேவையில்லாத ஓர் அலங்காரத்துக்காக அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் மாறியிருக்கிறது: 4 மீட்டருக்குள் நீளமும், 1200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினோ 1500 சிசிக்குள் டீசல் எஞ்சினோ உள்ள கார்களுக்கு 18 விழுக்காடு, மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 விழுக்காடு. எரிபொருளில் எங்கள் பழைய வண்டி லிட்டருக்குப் பதினொன்று, பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுத்தது. இப்போதைய டீசல் கிராஸ்ஓவர் பதினேழு, பதினெட்டு கொடுக்கிறது. எங்கள் ஓட்டத்துக்கு இது ஆண்டுக்கு எழுநூறு லிட்டருக்கு மேல் மிச்சம். டீசல் எனக்குப் பொருந்தியது தினமும் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட்டுவதால்தான். நகருக்குள்ளேயே இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டுபவர்களுக்கு, பிஎஸ்-6 டீசல் வண்டியின் புகைபோக்கியில் உள்ள கரி வடிகட்டி சூடேறி எரிந்து தூய்மையாவதற்கு நேரம் கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும்; அவர்கள் பெட்ரோலையே எடுப்பது நல்லது.

கிராஸ்ஓவர் வந்த பிறகு அத்தை மீண்டும் எங்களோடு வெளியே வரத் தொடங்கினார். இருக்கையின் உயரம் அவருடைய இடுப்புக்குச் சரியாக இருப்பதால், முதலில் உட்கார்ந்து பிறகு காலை உள்ளே எடுத்து வைக்கிறார். யாரும் கையைப் பிடிக்க வேண்டியதில்லை. தொப்பூரில் இறங்கும்போது வண்டி ஆடுவதில்லை. மூன்றாவது கியரில் எஞ்சினின் பிடிப்பிலேயே இறங்குகிறேன், பிரேக்கை எப்போதாவதுதான் தொடுகிறேன்.

குறைகளும் இருக்கின்றன. முதல் மாதத்திலேயே தோப்பு வரப்பில் பம்பரின் கீழ்விளிம்பு உரசிக் கிழிந்தது. மாற்றுச் சக்கரம் மற்ற நான்கை விடச் சிறியது, அதுவும் பொருள் வைக்கும் இடத்துக்கு அடியில் இருக்கிறது. சீமைக்கருவேல முள் ஏறி ஒரு நாள் டயர் பஞ்சரானபோது, கிரேட்டுகள் எல்லாவற்றையும் வெயிலில் இறக்கி வைத்துத்தான் அதை எடுக்க முடிந்தது. அதற்குப் பிறகு தோப்புக்குப் போகும் நாட்களில் பஞ்சர் ஒட்டும் கருவிகளையும் சிறிய காற்றடிக்கும் பம்ப்பையும் முன்னிருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். அந்தப் பம்ப் இன்னொரு வகையிலும் உதவுகிறது: ஓடை மணலில் சக்கரம் புதையத் தொடங்கினால், காற்றை முப்பத்து மூன்று பிஎஸ்ஐ-யிலிருந்து இருபத்து மூன்று அளவுக்குக் குறைத்தால் டயர் தட்டையாகி மணலில் நன்றாகப் பிடிக்கும், தார்ச்சாலைக்கு வந்ததும் மீண்டும் அடித்துக்கொள்ள வேண்டும். சேற்றில் சிக்கும்போது, சக்கரம் சுழல்வதைத் தடுக்கும் மின்னணு ஏற்பாடு எஞ்சினின் வலிமையையே குறைத்துவிடும். அதற்கான பொத்தானை அணைத்துவிட்டு மெதுவாக முயன்றால் பல நேரம் வெளியே வந்துவிடலாம், வெளியே வந்ததும் மறக்காமல் மீண்டும் போட்டுவிட வேண்டும்.

மாறிய சில வாரங்களில், 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழை வந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. சாலையோரம் நிறுத்தியிருந்த கார்களையும் வேன்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். எங்கள் ஓடையும் கரை தொட்டு ஓடியது. பழைய வண்டி இருந்திருந்தால் கடந்திருக்கலாமே என்று அன்று ஒருவர் என்னிடம் சொன்னார். தார் போன்ற வண்டிக்கு 650 மில்லிமீட்டர் நீர் வரை போகலாம் என்று நிறுவனம் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த அளவு, அடித்தளம் தெரிந்த, மெதுவான நீருக்குப் பொருந்தும். ஓடும் வெள்ளம் பக்கவாட்டில் தள்ளும்போது உயரமான வண்டியும் தரைப் பிடிப்பை இழந்து அடித்துச் செல்லப்படலாம். அன்று நாங்கள் திரும்பிவிட்டோம். எந்த வண்டி இருந்திருந்தாலும் திரும்பியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

பழைய வண்டியை வாங்கிக்கொண்டது என் அண்ணன். அஞ்செட்டியிலிருந்து அவருடைய ஊருக்குப் போகும் கடைசி ஐந்து கிலோமீட்டர் பாறையும் வேருமாக இருக்கிறது. பேருந்து கிடையாது, வாடகை வண்டிகள் வர மறுக்கின்றன, மாலைக்குப் பிறகு யானை நடமாட்டமும் உண்டு. அந்த ஊரில் பிரசவ வலி எடுத்தாலோ பாம்பு தீண்டினாலோ கீழே கொண்டுவருவதற்கு அந்த வண்டியை விட்டால் வேறு வழி இல்லை. எங்கள் நோட்டில் எழுதிய கேள்வியை அவரிடம் கேட்டிருந்தால் பதில் ஒரே வரியில் வந்திருக்கும். எங்களுக்கு ஆண்டில் பதினொரு நாள் தேவைப்பட்ட அந்த நெம்புகோல் அவருக்குத் தினமும் தேவைப்படுகிறது. மூன்றரை ஆண்டு எங்களைச் சோர்வடையச் செய்த வண்டியை அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. பக்கவாட்டு இருக்கைகளை மட்டும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மூட்டைகளையும் நோயாளியைப் படுக்க வைக்க ஒரு மெத்தையையும் வைத்திருக்கிறார்.

போன பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போனோம். பென்னாகரம் வழியாகக் காட்டுப் பாதையில் பகல் வெளிச்சத்திலேயே அஞ்செட்டி போய்ச் சேர்ந்து, தார்ச்சாலை முடியும் இடத்தில் ஒரு தெரிந்தவர் வீட்டு வாசலில் எங்கள் வண்டியை நிறுத்தினோம். அண்ணன் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். பின்கதவைத் திறந்து அந்த நீல நிற ஸ்டூலை எடுத்துக் கீழே போட்டு, “வாங்கத்தை, மெதுவா ஏறுங்க” என்றார். அத்தை ஸ்டூலைப் பார்த்ததும் என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனின் தோளில் கை வைத்து ஏறி, முன்னிருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.